களனி ஆறும் நம்ம மாயாறும்: ஓடும் தண்ணீர் சொல்லும் பாடம்



இந்த மாதப் பாடம் ஆற்றைப் பற்றியது. சேமிப்பு, உள்கடன், பதிவேடு என்று பேசிக்கொண்டிருந்த நாம் திடீரென்று ஆற்றுக்கு ஏன் போகிறோம் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. சுற்றுலா வருமானம் பற்றிப் பேச்சு வந்தால் நம் கூட்டங்களில் யாராவது ஒருவர், "டிவியில காட்டுறாங்களே, ரப்பர் படகுல ஆத்துல போறாங்க. அது நம்ம மலையிலயும் வந்தா நாலு காசு பார்க்கலாமே" என்று சொல்வது வழக்கம். நியாயமான ஆசைதான். ஆனால் அந்தப் படகு எப்படிப்பட்ட ஆற்றில் போகிறது, அந்த ஆற்றுத் தண்ணீர் யார் கையில் இருக்கிறது, ஊர்ப் பெண்களுக்கு அதில் என்ன கிடைக்கும், உயிருக்கு என்ன ஆபத்து என்பதைத் தெரிந்துகொண்டு பேசினால் நல்லது. ஊக்குநர்கள் இந்தப் பாடத்தைக் கூட்டத்தில் வாசித்து, கடைசியில் உள்ள கேள்விகளைப் பேச வையுங்கள்.

வெள்ளை நீர் என்றால் என்ன?

சமவெளியில் ஓடும் ஆறு அமைதியாகப் போகும். மலையில் இறங்கும் ஆறு அப்படிப் போகாது. சரிவு அதிகம், பாதை குறுகல், நடுவில் பாறைகள். தண்ணீர் பாறையில் மோதி, சுழன்று, மடிந்து விழும்போது அதோடு காற்றும் கலக்கிறது. அதனால்தான் பால் பொங்குவது போல வெள்ளையாகத் தெரிகிறது. இதையே வெள்ளை நீர் என்கிறார்கள். அதில் காற்றடைத்த கெட்டியான ரப்பர் படகில், கையில் துடுப்போடு ஆறு எட்டுப் பேர் சேர்ந்து போவதுதான் ராஃப்டிங்.

வெள்ளை நீரை உலகம் முழுவதும் ஆறு தரமாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் தரம் சிறு அலை. இரண்டு, மூன்று வரைக்கும் நல்ல வழிகாட்டி இருந்தால் புதியவர்களும் போகலாம். நான்கு, ஐந்து எல்லாம் பழகினவர்களுக்கு. ஆறாம் தரம் என்றால் உயிரைப் பணயம் வைப்பது. ஒன்றை நினைவில் வையுங்கள். ஒரே ஆறு எல்லா நாளும் ஒரே தரமாக இருக்காது. நேற்று இரண்டாம் தரமாக இருந்த இடம் இன்று மேலே மழை பெய்தால் நான்காம் தரமாகிவிடும்.

கித்துல்கல: மழைக்காட்டு ஆறு

இந்தப் படகுப் பயணத்துக்குப் பெயர் போன மழைக்காட்டு ஆறு ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, இலங்கையில் இருக்கிறது. அதுதான் களனி ஆறு. அங்கே களனி கங்கை என்பார்கள். சிவனொளிபாத மலைப் பக்கத்திலும் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்திலும் உற்பத்தியாகி, 145 கிலோமீட்டர் ஓடி, கொழும்பில் கடலில் கலக்கிறது. கொழும்பு நகர மக்களின் குடிநீரில் பெரும்பகுதி இந்த ஆற்றுத் தண்ணீர்தான்.

இந்த ஆறு மலையிலிருந்து இறங்கும் இடத்தில் கித்துல்கல என்ற சிற்றூர் இருக்கிறது. அவிசாவளையிலிருந்து ஹட்டன் போகும் சாலையில் வரும். கித்துல் என்பது நம்ம பக்கம் கூந்தல் பனை என்று சொல்லும் மரம். கல என்றால் சிங்களத்தில் பாறை. கூந்தல் பனையில் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவது அந்தப் பக்கத்துப் பழைய தொழில். சுற்றிலும் பச்சை மாறாத மழைக்காடு. தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டித் தீர்க்கும்.

1957இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' என்ற ஆங்கிலப் படத்தில் வரும் பாலத்தை இந்த ஊரில்தான் கட்டி, படத்துக்காகவே வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்தப் படம் ஏழு ஆஸ்கார் பரிசு வாங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதைதான் கதைக்குப் பின்னணி. படத்தில் பெரிதாகக் காட்டப்படாத உண்மை ஒன்று உண்டு. மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் பாதை வேலையில் மாண்டார்கள். தோட்டத்து ஜனங்களின் வரலாறு இப்படிப் பல இடங்களில் மறைந்து கிடக்கிறது.

பிறகு கித்துல்கல ராஃப்டிங் ஊராக வளர்ந்தது. படகு ஓட்டுபவர், வழிகாட்டி, ஜீப் ஓட்டுநர், தங்கும் விடுதி, சாப்பாட்டுக் கடை என்று பல குடும்பங்களுக்கு அந்த ஆறு பிழைப்பு கொடுக்கிறது.

அந்த ஆற்றுக்கும் நமக்கும் என்ன உறவு?

களனி ஆறு இரண்டு சிறு ஆறுகள் சேர்ந்து உண்டாகிறது. ஒன்று மஸ்கெலி ஓயா. மற்றது கெஹெல்கமு ஓயா. ஓயா என்றால் சிற்றாறு. இவை ஓடி வருவது மஸ்கெலியா, நோர்வூட், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் வழியாக. இந்தப் பெயர்களைக் கேட்டதும் நம் குழுக்களில் இருக்கும் பெரியவர்கள் சிலர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர்களாக இருந்த 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவானது. அந்த மீதிப் பேரையும் 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இதில் மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் பல குடும்பங்கள் நீலகிரிக்கு வந்தன. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. நாம் டேன்டீ என்று சொல்வது அதைத்தான். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் லைன் வீடுகளில் இருக்கும் நம் சகோதரிகள் பலருடைய தாய், பாட்டி பிறந்து வளர்ந்தது களனி ஆற்றின் தலைமாட்டில்தான்.

அந்தத் தலைமாட்டில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மஸ்கெலி ஓயாவில் மவுஸ்ஸாகலை அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா ஊர் தண்ணீரில் மூழ்கியது. ஊரை மேட்டுக்கு மாற்றினார்கள். இன்றைக்கும் வறட்சியில் நீர்த்தேக்கம் வற்றினால் பழைய கோயில் கட்டடம் வெளியே தெரியும். ஓர் ஊர் முழுகித்தான் மின்சாரம் வந்தது.

சாவி யார் கையில்?

கித்துல்கல ஆற்றில் தண்ணீர் மழையால் மட்டும் வருவதில்லை. மேலே காசல்ரீ, மவுஸ்ஸாகலை, நோர்ட்டன் பிரிட்ஜ், கெனியன், லக்ஷபான என்று வரிசையாக அணைகள். 1950இலிருந்து ஒவ்வொன்றாக மின்நிலையங்கள் வந்தன. கடைசியில் போல்பிட்டிய மின்நிலையத்திலிருந்து வெளிவரும் தண்ணீர்தான் படகு போகும் ஆற்றில் சேருகிறது. மின்நிலையம் ஓடினால் ஆற்றில் தண்ணீர். நிறுத்தினால் பாறை தெரியும்.

பிறகு அதற்கும் கீழே பிராட்லேண்ட்ஸ் என்ற 35 மெகாவாட் மின்திட்டம் வந்தது. ஆற்றுத் தண்ணீரைச் சுரங்கம் வழியாகத் திருப்பிக் கொண்டுபோனால் படகு ஓடுவதற்குத் தண்ணீர் எங்கே இருக்கும்? படகுத் தொழிலை நம்பியவர்கள் கவலைப்பட்டார்கள். படகுக்காகக் குறிப்பிட்ட நேரம் தண்ணீர் விட வேண்டும் என்று பேச்சு நடந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. படகு வாங்கலாம், உணவுக்கடை போடலாம், விடுதி கட்டலாம். ஆனால் ஆற்றைத் திறக்கும் சாவி வேறு கையில் இருந்தால், அந்தத் தொழில் வேறொருவர் முடிவைப் பொறுத்தது. கடன் வாங்கித் தொழில் தொடங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இதுக்கு வேண்டிய சரக்கு யார் கையில இருக்கு?" என்பதுதான். ஆடு வளர்த்தாலும் இதே கேள்விதான். மேய்ச்சல் நிலம் யாருடையது என்று பார்க்காமல் ஆடு வாங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

நம்ம மலை ஆறுகள்

நீலகிரியில் ஆறு இல்லையா என்ன? முக்குருத்தி மலையில் பிறக்கும் பைக்காரா ஆறு வடக்கே ஓடி, அருவியாக விழுந்து, கீழே போய் மாயாறு ஆகிறது. மோயார் என்றும் சொல்கிறோம். தோடர் மக்களுக்குப் பைக்காரா புனித ஆறு. 1932இல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. தண்ணீரைக் குழாயில் இறக்கி 900 மீட்டருக்கும் மேல் கீழே விழ வைத்து மின்சாரம் எடுத்தார்கள். அந்த நாளில் இது பெரிய அதிசயம்.

மேற்கே அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று குந்தா திட்டத்து அணைகள். கனடா நாட்டு உதவியோடு கட்டியவை. அந்தத் தண்ணீர் குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என்று ஒவ்வொரு மின்நிலையமாக இறங்கி பவானியில் சேருகிறது. கோயம்புத்தூர்க்காரர் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு பில்லூர்த் தண்ணீர். குன்னூர் ஆறும் கல்லாறும் மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் விழுகின்றன. மாயாறும் பவானியும் பவானிசாகர் அணையில் சேர்ந்து, கீழ்பவானி வாய்க்காலில் சுமார் 2 லட்சம் ஏக்கருக்குப் பாய்கின்றன. அப்புறம் பவானி கூடுதுறையில் காவிரி.

கொழும்புக்குக் களனி எப்படியோ, கோவைக்கும் ஈரோட்டுக்கும் நம்ம மலை அப்படி. ஆனால் ஆறு பிறக்கும் மலையில் கோடைக்காலத்தில் குடத்தோடு வரிசையில் நிற்பது நம்ம பெண்கள். இதை மறக்கக் கூடாது.

அப்புறம் ஏன் இங்கே ராஃப்டிங் இல்லை?

மூன்று காரணம் சொல்லலாம். ஒன்று, ஆற்றைப் பல இடத்தில் அணை பிடித்து வைத்திருக்கிறது. அணைக்குக் கீழே பல நாள் போதுமான தண்ணீர் இருக்காது, திறந்தால் திடீரென்று வரும். இரண்டு, மாயாறு ஓடும் பள்ளத்தாக்கு பெரும்பாலும் முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்குள் வருகிறது. யானையும் புலியும் தண்ணீர் குடிக்கும் இடம். மூன்று, நம்ம ஆறுகள் செங்குத்தாக விழுகின்றன. படகு போவதற்குச் சரிவு வேண்டும், அருவி கூடாது.

அதனால் நம் மாவட்டத்தில் சுற்றுலாப் பயணிகளுக்குப் படகு என்றால் ஊட்டி ஏரியும் பைக்காரா அணையும்தான். வெள்ளை நீரில் போக ஆசைப்படுகிறவர்கள் கர்நாடகத்தில் தண்டேலிக்குப் போகிறார்கள். அங்கே காளி ஆற்றில் சூபா அணைத் தண்ணீரை நம்பிப் படகு ஓடுகிறது. குடகின் தெற்கே பரப்பொளே ஆற்றில் மழைக்காலத்தில் மட்டும் போகிறார்கள். மழை நின்றால் தொழிலும் நின்றது.

மழைக்காட்டு ஆற்றை அப்படியே விட்டுவைத்த கதையும் நமக்குப் பக்கத்தில் உண்டு. நம் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஓடுகிறது. அதில் மின்சாரத்துக்கு அணை கட்டத் திட்டம் போட்டார்கள். சிங்கவால் குரங்கு வாழும் காடு அழியும் என்று ஆசிரியர்கள், கவிஞர்கள், விஞ்ஞானிகள், மாணவர்கள் எதிர்த்தார்கள். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது. சாதாரண ஜனங்கள் பேசினால் அரசாங்கம் கேட்கும் என்பதற்கு அது சாட்சி.

தெங்குமரஹாடா பரிசல்

நம் மாவட்டத்தில் ஆற்றில் படகு போவதை வேடிக்கையாக இல்லாமல் வாழ்க்கையாகவே பார்த்தவர்கள் தெங்குமரஹாடா மக்கள். கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்த ஊர். ஆனால் மலைக்குக் கீழே மாயாற்றங்கரையில் இருக்கிறது. பவானிசாகரிலிருந்து காட்டு வழியே பேருந்து வந்து அக்கரையில் நிற்கும். அங்கிருந்து பரிசலில்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். தண்ணீர் குறைவாக இருந்தால் நடந்து கடப்பார்கள்.

பிரசவ வலி வந்த பெண்ணும், காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிய தாயும், வாழைத்தாரும் எல்லாம் அதே பரிசலில்தான். ஆற்றில் வெள்ளம் வந்தால் ஊர் தனித்தீவு ஆகிவிடும். சுற்றுலாப் பயணிக்குத் தலைக்கவசமும் மிதவை உடையும் கட்டாயம். அவர் காசு கொடுத்து ஆபத்தைத் தேடி வருகிறார். ஊர்ப் பெண்ணோ வேறு வழியில்லாமல் அதே ஆற்றைக் கடக்கிறாள். அவளுக்கு மிதவை உடை யார் கொடுத்தார்கள்? நாம் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆற்றைக் கடந்து வேலைக்கும் பள்ளிக்கும் போகும் ஊர் எதுவானாலும், பரிசலுக்கு எட்டு மிதவை உடை கேட்டு மனுக் கொடுப்பது ஒரு குழு செய்யக்கூடிய வேலைதான்.

கடை போட்டால் என்ன கிடைக்கும்?

படகு இல்லாவிட்டாலும் சுற்றுலா நம் மலையில் இருக்கிறது. அருவிக்கரையில், அணைக்கரையில் உணவுக்கடை போட நம் குழுக்கள் நினைக்கலாம். நல்லது. ஆனால் சீசன் தொழிலுக்குக் கணக்கு வேறு. ஒரு பேச்சுக்கு இப்படிப் போட்டுப் பார்ப்போம்.

12 பேர் கொண்ட குழு. சீசன் 4 மாதம், அதாவது 120 நாள். சரக்கு, கேஸ், வண்டி வாடகை போக ஒரு நாள் மிச்சம் 600 ரூபாய். மொத்தம் 72,000 ரூபாய்.

கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது வங்கிக் கடனைச் சேர்ப்போம். கடை வைக்க 60,000 ரூபாய் கடன். வட்டியோடு மாதத் தவணை 5,500 என்று வைத்துக்கொள்வோம். சீசன் 4 மாதம்தான், தவணையோ 12 மாதம். ஆண்டுக்கு 66,000 ரூபாய் கட்ட வேண்டும். 72,000இல் 66,000 போனால் மீதி 6,000.

தினமும் இரண்டு பேர் கடையில் நின்றால் 120 நாளுக்கு 240 ஆள் வேலை. 6,000 ரூபாயை 240ஆல் வகுத்தால் ஒருவருக்கு ஒரு நாள் கூலி 25 ரூபாய்! முதல் வருடம் முழுக்க உழைத்தது வங்கிக்குத்தான்.

இதையே சிறிதாகத் தொடங்கினால்? 24,000 ரூபாய் கடன், மாதத் தவணை 2,200. ஆண்டுக்கு 26,400. அதே வியாபாரம் நடந்தால் மீதி 45,600. ஆள் கூலி 190 ரூபாய். அடுத்த வருடம் தவணை இல்லை. அடுப்பும் பாத்திரமும் குழுவுக்குச் சொந்தம்.

அதனால் சீசன் தொழிலுக்கு மூன்று விதி:

1. கடன் தொகையைச் சீசன் வருமானத்தை வைத்து முடிவு செய்யுங்கள். "மாசம் இவ்வளவு வருதே" என்று ஏமாறாதீர்கள். சீசனில் வந்த பணத்தை 12ஆல் வகுங்கள். அதுதான் உங்கள் மாத வருமானம்.
2. மீதி எட்டு மாதத் தவணைப் பணத்தைச் சீசனிலேயே தனியாகக் கணக்கில் போட்டு வையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.
3. சீசன் ஒரு வருடம் படுத்தாலும் தாங்க வேண்டும். மழை, மண்சரிவு, பாதை அடைப்பு எல்லாம் நம்ம மலையில் சகஜம். 2024 மே மாதம் உயர்நீதிமன்ற உத்தரவால் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததையும் பார்த்தோம். இந்தச் சாவியும் நம் கையில் இல்லை.

இன்னொன்று. பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், பை எல்லாம் நம் மாவட்டத்தில் தடை செய்யப்பட்டவை. எவர்சில்வர் டம்ளர், வாழையிலை, பாக்குமட்டை என்று தொடங்குங்கள். அபராதமும் மிச்சம், ஆறும் மிச்சம்.

ஆற்றில் உயிர் காக்க

துணி துவைக்க, விறகு எடுக்க, மாடு கழுவ, தோட்டத்திலிருந்து குறுக்கு வழியில் வீடு திரும்ப நாம் ஆற்றில் இறங்குகிறோம். ராஃப்டிங் வழிகாட்டிகள் படகு ஏறும் முன் சொல்லிக்கொடுக்கும் பாடம் நமக்கும் வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

"முழங்கால் தண்ணிதானே" என்று இறங்காதீர்கள். வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே பெரியவரைத் தள்ளிவிடும். ஓரடி இருந்தால் காரையே நகர்த்தும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும்.

வானம் தெளிவாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம், மேலே மலையில் கொட்டிக்கொண்டிருக்கலாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்ததை மறந்துவிடாதீர்கள். தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, இலை தழை குச்சி மிதந்து வந்தாலோ, சத்தம் கூடினாலோ உடனே கரை ஏறுங்கள். அணைக்குக் கீழே இருப்பவர்கள் சங்கு ஊதினால் துணியை விட்டுவிட்டு ஏறுங்கள். துணி போனால் வாங்கலாம்.

தவறி விழுந்து அடித்துச் செல்லப்பட்டால் எழுந்து நிற்க முயலாதீர்கள். கால் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டால் தண்ணீர் மேலே அமுக்கிவிடும். மல்லாந்து, கால் இரண்டையும் தண்ணீர் போகும் பக்கம் நீட்டி மிதந்து, ஓரமாகக் கையால் தள்ளிக் கரை சேரப் பாருங்கள். விழுந்து கிடக்கும் மரக்கிளைகளுக்குள் போகாமல் விலகுங்கள். தண்ணீர் கிளைக்குள் புகுந்து போகும், ஆள் மாட்டிக்கொள்வார்.

அருவி விழும் இடத்துக்குக் கீழே உள்ள வெள்ளைச் சுழலில் குளிக்காதீர்கள். காற்று கலந்த தண்ணீர் உடம்பைத் தாங்காது. நீச்சல் தெரிந்தவரையும் உள்ளே இழுத்துச் சுழற்றும்.

ஒருவர் மூழ்கினால் நீச்சல் தெரியாதவர் குதிக்க வேண்டாம். ஒரு சாவு இரண்டாகிவிடும். கயிறு, நீண்ட கம்பு, இரண்டு மூன்று சேலையை முடிச்சுப் போட்டது, மூடி இறுக்கிய காலிக் கேன் எது கிடைத்தாலும் எறியுங்கள். கரையில் படுத்துக்கொண்டு இழுங்கள்.

வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கவும் வேண்டாம். அதில் நேரம்தான் போகும். மூச்சு இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். பிறகு நெஞ்சு நடுவில் இரண்டு கையும் வைத்து 30 முறை வேகமாக, ஆழமாக அமுக்குங்கள். மறுபடி 2 முறை ஊதுங்கள். உதவி வரும் வரை விடாதீர்கள். இன்னொருவர் உடனே 108க்குப் பேசட்டும். வெள்ளம், மண்சரிவுக்கு 1077. இதைப் படித்தால் மட்டும் போதாது. தீயணைப்பு நிலையத்தையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ கேட்டு ஒருநாள் செய்முறைப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யலாம்.

ஆற்றைக் காப்பது சோலை

கித்துல்கல மழைக்காடு போல நமக்குச் சோலைக்காடு. மரத்தடியில் மக்கிய இலை பஞ்சு மாதிரி மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே உள்ள புல்வெளியும் அப்படித்தான். மழை நின்று மாதக்கணக்கில் ஆனாலும் சொட்டுச் சொட்டாக ஓடைக்குக் கொடுக்கும். வீட்டில் நாம் சிறுவாடு சேர்ப்பது மாதிரிதான் இதுவும். வரும்போது எடுத்து வைத்து, இல்லாத நாளில் கொடுப்பது.

சோலையையும் புல்வெளியையும் அழித்துச் சீகை, தைல மரம் வைத்ததில் பல ஓடைகளுக்குப் பஞ்சம் வந்தது. ஓடைக்கரை வரை தோண்டி வெட்டினால் மழையில் மண் வழிந்து இறங்கும். 2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் நடந்த மண்சரிவில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஓடை போகும் பாதையை மண் கொட்டி அடைத்தால், தண்ணீர் வேறு பாதை தேடி வீட்டுக்குள் வரும்.

நாம் செய்யக்கூடியது என்ன? ஓடைக்கரையில் சில அடி இடம் விட்டுப் பயிர் செய்வது. பூச்சிமருந்து டப்பாவை ஓடையில் கழுவாமல் இருப்பது. ஊற்றுக்கு மேலே உள்ள மரத்தை வெட்டாமல் பார்த்துக்கொள்வது. ஓடைக்கரையில் யாராவது பொக்லைன் வைத்துத் தோண்டினால் அனுமதி இருக்கிறதா என்று கேட்பது. கேட்பதற்கு இடமும் இருக்கிறது. ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராமசபை. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் இப்போது கிராமசபை நடக்கிறது. தண்ணீர் பற்றிப் பேச அதைவிட நல்ல நாள் ஏது? பேரூராட்சியில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரிடம் எழுதிக் கொடுங்கள். தனி ஆளாகப் போனால் "அப்புறம் வாம்மா" என்பார்கள். குழுவாகப் போய்த் தீர்மான நகலைக் கொடுத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள்

1. நம் ஊர்த் தண்ணீர் எந்த ஓடையிலிருந்து வருகிறது? அது எந்த ஆற்றில் போய்ச் சேருகிறது? பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் படம் வரையுங்கள்.
2. அந்த ஓடை முன்பு எத்தனை மாதம் ஓடியது, இப்போது எத்தனை மாதம் ஓடுகிறது?
3. நம் ஊரில் ஆற்றையோ ஓடையையோ கடந்து பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்கள் யார் யார்? மழைக்காலத்தில் எப்படிப் போகிறார்கள்? கயிறு, பாலம், மிதவை உடை ஏதாவது இருக்கிறதா?
4. வெளியிலிருந்து ஒருவர் வந்து "ஆத்தோரம் ரிசார்ட் கட்டுறேன், எல்லாருக்கும் வேலை" என்று சொன்னால் நாம் என்னென்ன கேட்போம்? தண்ணீர் எங்கிருந்து எடுப்பார், கழிவுநீர் எங்கே போகும், வேலை வருடம் முழுக்கவா சீசனுக்கு மட்டுமா, கூலி எவ்வளவு? எழுத்தில் வாங்குவோமா?
5. நம் குழுத் தொழிலின் சாவி யார் கையில் இருக்கிறது?

கேள்விகளுக்கு உங்கள் குழு சொன்ன பதிலை ஒரு பக்கத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதியிடம் கொடுத்தனுப்புங்கள். ஆற்றைக் கடக்கும் ஊர்களின் பட்டியலை முதலில் தயார் செய்வோம். மழை தொடங்கும் முன்பே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுக்க வேண்டும்.